பலாக்கொட்டை போட்ட கை

முள்முருங்கையாம்!

என் அண்ணன் வேல்முருகன் நடுவதற்கு வெட்டின முள்முருங்கைப் போத்து, கிளைக் குச்சிதான், ஒரு கட்டுத் தோளில் சுமந்து வந்து என் வாசலில் தொப்பென்று போட்டார். "மழை எறங்கற நேரம் கண்ணு, நாளைக்கே கீழ்ச்சரிவுல நட்டுப்போடு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்டாரா? அந்தச் சரிவில் வருசக்கணக்காக முதுகு ஒடிகிறவள் நான். அதில் எந்த மரம் நிற்க வேண்டும் என்று முடிவு பண்ணுகிறவர் அவர்!

சரிவு என்று நான் சொல்வது எங்கள் வீடுகளுக்குக் கீழே, வாசலூர்பட்டி போகிற ரோட்டை ஒட்டி இறங்குகிற நிலம். அப்பன் காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று அதில் சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றினோம். ஓக் மளமளவென்று வளர்ந்தது, யார் இல்லை என்றது? போன ஐப்பசியில் ஒரே ஒரு ராத்திரி அடித்த காற்றில் அத்தனையும் மளமளவென்று சாயவும் செய்தது. காலையில் போய்ப் பார்த்தால் மிளகுக் கொடியெல்லாம் மரத்தோடு சேர்ந்து மண்ணில் கிடக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, கொடியை வெட்டிவிட்டு, தூரை மட்டும் காப்பாற்றி வைத்தேன். அது மறுபடி ஏற மரம் வேண்டும். ஓக்கு வேண்டவே வேண்டாம், இந்த மண்ணில் பிறந்த மரமாக இருக்கட்டும் என்று நானும் அண்ணனும் பேசினோம். அந்த மட்டும் ஒத்துப்போனோம்.

அந்தச் சரிவை அப்பன் எனக்கு என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் செத்தார். என் புருசன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்ட வருசம் அது. "கீழ்ச்சரிவு யமுனாவுக்கு. அவ பாடுபட்டுத் தின்னுக்குவா" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். அவர் பெண்சாதி கலைச்செல்வியும் பக்கத்தில்தான் நின்றாள். பட்டா அண்ணன் பேரில். எங்கள் வீட்டில் பெண்ணுக்கு நிலம் எழுதி வைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் இத்தனை வருசம் களை எடுத்தேன்.

முள்முருங்கைக் கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். முள் கழுத்தில் குத்தியது. குத்தட்டும். நேராக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், அவர் போட்ட மாதிரியே தொப்பென்று போட்டேன்.

"என்ன கண்ணு, திருப்பிக் கொண்டாந்துட்டே?"

"பலா வெக்கறேனுங்கண்ணா. நான் சொன்னேன்ல?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஆபீசர் மாதிரி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "பலா ஆளாகறதுக்குள்ள நீ கெழவி ஆயிருவே. முள்முருங்கை அப்படியா? போத்தை ஊனுனா ஆடியில துளுத்துரும். அடுத்த வருசம் கொடி ஏத்திரலாம். தழையை ஒடிச்சா ஆட்டுக்குமாச்சு, எருவுக்குமாச்சு. நெழலு சாஸ்தியானா ரெண்டு கெளையைக் கழிச்சு உட்டாப் போச்சு."

"கொப்புளம் உழுந்து எலை சுருண்டு போகுதே, அது?"

"எல்லா மரத்துக்கும் சீக்கு வரத்தான் செய்யும்."

"பத்துப் பன்னண்டு வருசத்துல உள்ள உளுத்துப் போயி, மறுபடி காத்துல கொடியோட உழுகும். அப்பறம்? மறுபடி நான் மண்ணுல உருண்டு அழுகோணுமா? பலாப் பட்டை சொரசொரன்னு இருக்கும், கொடி கெட்டியாப் புடிச்சுக்கும். எத்தனை காத்தடிச்சாலும் நிக்கும். மெளகு போச்சுன்னாக் கூட பழம் இருக்கும். மெளகு பறிக்கையில கையில முள்ளு ஏறாது. நீங்க ஒரு வருசமாவது மெளகு பறிச்சிருக்கீங்களா? கையைக் காட்டுங்க பாப்போம்!"

அவர் கையைக் காட்டவில்லை. கலைச்செல்வி அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள், முறைக்கு அண்ணி. அப்பன் சொன்ன சொல்லுக்கு அவளும் சாட்சி. இந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசினால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது? அவள் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, சண்டை வேண்டாம் என்று நானே இறங்கி வந்தேன். "ரெண்டையும் வெப்போமுங்கண்ணா. ஒவ்வொரு பலாவுக்கும் பக்கத்துல ஒரு முள்முருங்கை. இப்போதைக்குக் கொடி முருங்கையில ஏறட்டும். அது ஓயறப்போ பலா தயாரா நிக்கும். நீங்களும் சொன்னது சரி, நானும் சொன்னது சரி. என்னங்க?"

இதில் யாருக்கு என்ன நட்டம்? அவர் மண்டையில் மூளை இருந்தால், "அதுவும் சரிதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் இறுகிப் போய்விட்டது.

"பலா வேண்டாம்னா வேண்டாம்."

"ஏனுங்க?"

"நாளைக்கு ஒண்ணு பண்றதுன்னா வெட்டவா முடியும்?"

"எதுக்கு வெட்டோணும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரத்தைப் பற்றி அந்த ஆள் பேசவே இல்லை!

எங்கள் ஊரில் பலாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், பலாக்கொட்டையை மண்ணில் போட்ட கை யாருடையதோ மரம் அவர்களுக்கு. அவர்களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு. கருப்பண்ணன் வீட்டு வாசலிலேயே ஒரு பலா நிற்கிறது. அது அவருடைய அத்தை போட்டது. அந்த அம்மா செத்து எத்தனையோ காலமாகிறது. இன்றைக்கும் மலையின் அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து அவள் மகன்கள் வந்து பழத்தை வெட்டிக்கொண்டு போகிறார்கள். வாசலில் உட்கார்ந்து வாசனை பிடிப்பதோடு சரி, கருப்பண்ணன் ஒரு சுளை தொட முடியாது. மரத்தை வெட்டவும் முடியாது, அது நிற்கிற இடத்தை அடுத்தவனுக்கு விடவும் முடியாது. இந்த வழக்கமெல்லாம் பலாவுக்கு மட்டும்தான். முள்முருங்கையை யார் நட்டால் என்ன? அது வேலியில் நிற்கிற குச்சி. அதை வைத்து யாரும் உரிமை பேச முடியாது.

"யாருக்கு உடப் போறீங்க என் சரிவை?" என்றேன். கோபம் தலைக்கேறினால் என் பேச்சில் மரியாதை குறைந்துவிடும். "சொல்லு. யாருக்கு?"

கக்கிவிட்டார். மலைக்குக் கீழே நாமக்கல் பக்கத்து ஆள் ஒருத்தன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரி பண்ண வருகிற டூரிஸ்ட் தங்குவதற்கு மரக் குடில்கள் போட வேண்டுமாம். ரோட்டை ஒட்டின இடமாக வேண்டுமாம். குத்தகைக்குத்தானாம். ஒன்றிரண்டு வருசம் போகட்டும் என்று அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரைக்கும் நான் முள்முருங்கை வைத்து, தண்ணீர் ஊற்றி, களை எடுத்து, நிலத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அப்புறம் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குடில் போடுவார்கள். நான் எங்கே போவது?

"உனக்கு அங்கயே வேலை போட்டுத் தரச் சொல்றேன் கண்ணு. ரூமு கூட்டற வேலை, சமையல் வேலை…"

அந்தக் குச்சியில் ஒன்றை உருவி அவர் முதுகில் போடாமல் வந்தது என் பொறுமை. இல்லை, பொறுமை எல்லாம் கிடையாது. உருவப் போனபோது முள் கையில் ஏறிவிட்டது, அதனால்தான் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. ஊர் வழக்கைத் தீர்க்கிற ஊர்க்கவுண்டர் மாணிக்கம் எனக்குப் பெரியப்பா முறை. பூசை முடிந்து எல்லாரும் திருநீறு வாங்குகிற நேரம் பார்த்து, நடுவில் போய் நின்றேன்.

"பெரியப்பா, எங்கப்பன் சொன்ன சொல்லு அவரோட செத்துப்போச்சா? ஆமான்னா இங்கயே சொல்லிருங்க. மண்வெட்டியைக் கெணத்துல போட்டுட்டு நான் பஸ் ஏறிக்கறேன்."

"கத்தாத அம்மிணி. என்ன வேணும் உனக்கு?"

"என் சரிவுல நான் பலா வெக்கோணும்."

ஊர் முழுக்க அண்ணனைப் பார்த்தது. அப்பன் சொன்னது அங்கே யாருக்குத்தான் தெரியாது? அண்ணன் காலால் மண்ணைக் கிளறினார். "வெச்சுக்கட்டும்" என்று முனகினார். "சத்தமாச் சொல்லுங்க" என்றேன். சத்தமாகச் சொன்னார்.

எனக்கு வந்த சந்தோசத்தில் மறுநாளே கடப்பாரையோடு சரிவில் இறங்கிவிட்டேன். அத்தனை குழியும் நானே வெட்டினேன். மேல்மண்ணும் சாணி எருவும் கலந்து நானே நிரப்பினேன். பாவாயி வீட்டுப் பலாவில் சுளை நன்றாக இருக்கும், அதில் நன்கு பழுத்ததாக ஒன்று கேட்டு வாங்கி, பருத்த கொட்டையாகப் பொறுக்கி, வழுவழுப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் ஆற வைத்தேன். பலாவை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துபோகும். கொட்டையை நேராகக் குழியில் போட்டுவிட வேண்டும்.

போடுகிற அன்றைக்குக் காலையில், நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அண்ணன் வாசலில் நிற்கிறார்! கூடவே மாணிக்கம் பெரியப்பா. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"குழி வெட்டியே உன் இடுப்பு போயிருக்கும். நீ எதுக்குச் சாமி மறுபடி குனிஞ்சு நிமுந்துக்கிட்டு? கூடையை இப்படிக் கொடு. நான் போட்டுட்டு வாரேன். நீ காப்பித்தண்ணி வெய்யி போ."

சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் என்னை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்ணன் இவர்தான். அந்த நினைப்பு வந்து தொலைத்தது. கண்ணில் தண்ணீர் கூட வந்தது எனக்கு, வெட்கக்கேடு! இத்தனை திட்டிவிட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். பெரியப்பா ஆசீர்வாதம் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவருக்குச் சர்க்கரை கூடப் போட்டுக் காப்பி கலக்கினேன்.

காப்பியோடு தின்னக் கிழங்கும் அடுப்பில் போட்டிருந்தேன். அது வேகும்போது கலைச்செல்வி வந்து அடுப்படியில் நின்றாள். வந்தவள் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. கிழங்கை வடித்தாள், டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"என்னடியம்மா?" என்றேன்.

"குழி வெட்டுனது நீங்க, யமுனாக்கா."

"ஆமா."

"கொட்டை போடற கை யாருது?"

ஒரு நிமிசம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. காப்பியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் ஓடினேன்.

சரிவில் பெரியப்பா பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கடைசிக் குழிக்கு வந்துவிட்டார். கொட்டையைத் தூக்கிக் காட்டி, "இதையும் பாத்துக்கோங்க பெரியப்பா, நான்தான் போடறேன்" என்று சொல்லி மண்ணைத் தள்ளுகிறார். சாட்சிக்கு ஆள் கூட்டி வந்திருக்கிறார்! அவருக்கு நான் சர்க்கரை கூடப் போட்டுக் காப்பி கலக்கியிருக்கிறேன்!

"அடப் பாவி! நீயெல்லாம் ஒரு அண்ணனா? கூடப் பொறந்தவ கையில இருந்து புடுங்கித் திங்க வெக்கமாயில்ல? கேட்டுப் புடுங்கியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். சிரிச்சுச் சிரிச்சுல்ல புடுங்குறே!"

"கத்தாத யமுனா. நீதான கூடையைக் குடுத்தே? நான் கேட்டேன், நீ குடுத்தே. எதுல தப்பு? பெரியப்பாவே பாத்தாரு."

முதல் குழியில் மண்டியிட்டு, பத்து விரலாலும் மண்ணைப் பறித்துக் கொட்டையை வெளியே எடுத்தேன். மடியில் போட்டேன். அடுத்த குழி. அதற்கடுத்த குழி. நகக்கண்ணில் மண் ஏறி ரத்தம் வந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து, "ஏய், என் மரத்தைத் தோண்டாதே" என்றார்.

"மரமா? எங்கய்யா மரம்?" மடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பெரியப்பா மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாருங்க பெரியப்பா. வேரு இருக்குதா? எலை இருக்குதா? இது மரம்னா, எங்கூட்டுச் சட்டியில தெனம் ஒரு தோப்பு வேகுது!"

பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார். அவருக்கும் சங்கடம்தான். காலங்காத்தாலே கூப்பிட்டதும் யோசிக்காமல் வந்துவிட்டார் போலிருக்கிறது. "மொளைக்காத கொட்டைக்கு யாரும் சொந்தங் கொண்டாட முடியாது, வேலு" என்றார். "மொளைச்சு நிக்கோணும். அப்பறந்தான் எந்தக் கைன்னு பேச்சு."

"அப்ப நான் போடறேன், என் கையால" என்று குனிந்தேன். குனிந்தவள் நின்றுவிட்டேன். அத்தனையும் அண்ணன் கை பட்ட கொட்டை. நாளைக்கு முளைத்தபின் இதையே பிடித்துக்கொண்டு, தான் போட்ட கொட்டைதான் அது என்று வருவார். வரமாட்டார் என்று எவன் சொல்வது? இவ்வளவு பண்ணினவர் அதையும் பண்ணுவார். வேறு கொட்டைக்கு நான் எங்கே போவேன்? பாவாயி மரத்தில் அடுத்த பழம் இன்னும் பிஞ்சு.

"யமுனாக்கா."

கலைச்செல்வி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். விரித்துக் காட்டினாள். அத்தனையும் பலாக்கொட்டை, கழுவி, சாம்பல் பூசி.

"எங்கம்மா போட்ட மரத்துது. எங்கண்ணன் குண்டூர் நாட்டுல இருந்து பழம் கொண்டாந்தாப்ல. எடுத்து வெச்சிருந்தேன். இதுல அவரு கை படலீங்க."

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா?" என்று அண்ணன் கத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க போடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க போதும். அங்க எங்கம்மா மரம் எங்கண்ணனுக்குப் போயிருச்சு. இங்க ஒண்ணுமே எம்பேர்ல இல்ல."

அவள்மேல் இருந்த கோபம் அந்த நிமிசமே போய்விட்டது என்று சொன்னால் பொய். அப்பன் சொன்னதற்குச் சாட்சியாக நின்றுவிட்டு இத்தனை நாள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள்தானே? முன்னாலேயே பேசியிருந்தால் என் நகம் இப்படிக் கிழிந்திருக்குமா? "எந்தக் குழி வேணுமோ எடுத்துக்கோ" என்று வெடுக்கென்றுதான் சொன்னேன்.

அவள் நான் வெட்டின குழி எதையும் எடுக்கவில்லை. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கீழே ரோட்டோரம் வரைக்கும் போனாள். ரோட்டிலிருந்து சரிவுக்குள் வண்டி நுழைய ஒரே ஒரு இடம்தான் உண்டு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். அதற்கு நட்டநடுவில் நின்று கடப்பாரையை ஓங்கிப் போட்டாள்.

"ஏ! அது வழிடி! லாரி வாரதுக்கு வழி!"

"தெரியுமுங்க" என்றாள்.

நாமக்கல்காரனின் மரமும் சிமெண்டும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் மண்ணைப் பொலபொலவென்று கிளறி, கொட்டையைப் போட்டு, மூடினாள். எழுந்து, கையைத் தட்டி, "பாத்துக்கோங்க பெரியப்பா" என்றாள். பெரியப்பா, "பாத்தேன் அம்மிணி" என்றார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னோடு சண்டை போடத் தெரிந்தவருக்கு, அவளோடு சண்டை போட்டுப் பழக்கமே இல்லை.

மிச்சக் குழியெல்லாம் நான் போட்டேன். ஒவ்வொன்றாக, என் கையால். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் வாசலில் கிடந்த முள்முருங்கைக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒன்றாக ஊன்றினேன். முருங்கைமேல் எனக்கு என்ன பகை? பலா ஆளாகிற வரைக்கும் மிளகு அதில் ஏறட்டும். முதலிலிருந்தே அதைத்தானே சொன்னேன்?

அண்ணன் போட்டு நான் பறித்த கொட்டையெல்லாம் என் மடியிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கலைச்செல்வியிடம் கொடுத்தேன். மறுபடி ஒருமுறை கழுவி, அவித்து, தோலுரித்து, மிளகாய் போட்டுத் தாளித்தாள். ராத்திரி அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். அவர் தட்டு நிறைய அதையே போட்டாள்.

ஒரு வாய் தின்றார். என் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"உப்பில்ல" என்றார்.

கலைச்செல்வி உப்பு ஜாடியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க கையாலயே போட்டுக்கோங்க."